மீன் தொட்டியும் ஹைப்போ உப்பும்

வீட்டில் மீன் வளர்க்கும் வழக்கம் இன்று நம் நகரங்களில் பெரிதும் பரவியிருக்கிறது. ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் சிறிது மணல், இரண்டு மூன்று நீர்ச்செடிகள், நாலைந்து பொன்மீன்கள் ஆகிய இவ்வளவும் அமைந்துவிட்டால் ஒரு மாணவன் நாள்தோறும் பார்த்துப் பார்த்துக் கற்பதற்கு ஒரு சிறிய உலகமே அவன் மேசைமேல் வந்து அமர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த உலகம் ஒரே இரவில் அழிந்துபோவதும் உண்டு. தொட்டியைத் துப்புரவாகக் கழுவி, குழாயைத் திறந்து புது நீர் நிரப்பி, மகிழ்ச்சியோடு உறங்கச் சென்ற சிறுவன் காலையில் எழுந்து பார்க்கும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கின்றன. அல்லது செத்து மிதக்கின்றன. குடிக்கத் தகுந்த நல்ல நீர்தானே, இதில் மீன் ஏன் சாக வேண்டும் என்று அவன் திகைக்கிறான்.

கடைக்காரரிடம் சென்று கேட்டால், ‘ஆன்டி குளோரின்’ என்று ஒரு சிறு புட்டியை எடுத்துக் கொடுக்கிறார். அதன் பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வேறு புட்டிகளும் இருக்கின்றன. அவற்றுள் எதை வாங்குவது? சிக்கனமானது எது? விலை உயர்ந்ததுதான் நல்லதா? இவ்வினாக்களை மாணவர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ‘இன்னதை வாங்கு’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை ஓர் ஊருக்குப் பொருந்தும். மற்றோர் ஊருக்குப் பொருந்தாது. குழாய் நீரில் என்ன கலந்திருக்கிறது, அது அங்கே எப்படி வந்தது, அதை நீக்கும் பொருளை மனிதன் எங்கே கண்டெடுத்தான் என்னும் வரலாற்றை அறிந்தவனோ எந்த ஊரிலும் தானே விடை கண்டுகொள்வான். அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் கலை இன்றுள்ள வடிவில் உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்து நாட்டில். லண்டன் மாநகரத்து மருத்துவரான நதானியேல் வார்டு என்பவர், மூடிய கண்ணாடிப் பேழைக்குள் செடிகள் பல நாள் வாடாமல் வாழ்வதை 1829ஆம் ஆண்டில் கண்டார். 1845இல் அந்நாட்டு அரசாங்கம் கண்ணாடியின் மீது விதித்திருந்த வரியை நீக்கியது, கண்ணாடி மலிவாயிற்று. அதன்பின் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும், வாலிஸ்நீரியா என்னும் நீர்ச்செடியையும், சில நத்தைகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, தாம் கண்டதை 1850இல் லண்டன் இரசாயனச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கிறது. செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கிறது. அழுகும் இலைகளை நத்தை தின்று நீரைத் தெளிவாக வைக்கிறது. ஒன்றுக்கொன்று உதவியாக இவை வாழ்வதால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் கண்ட உண்மை. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென்றே ஒரு மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் இதைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். ‘அக்குவேரியம்’ என்னும் பெயர் அவரால் மக்களிடையே பரவியது.

வாரிங்டனோ காஸோ தங்கள் தொட்டிக்கு எந்த மருந்தும் தேடவில்லை என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். அவர்கள் காலத்து நீரில் குளோரின் இல்லை. ஆற்று நீரோ குளத்து நீரோ உள்ளபடியே மீனுக்கு உகந்ததாக இருந்தது. ஆனால் மனிதனுக்கு? காஸின் நூல் வெளிவந்த அதே 1854ஆம் ஆண்டில் லண்டனில் பிராடு தெரு என்னும் பகுதியில் காலரா நோய் மூண்டு, சில வாரங்களில் 600 பேருக்கு மேல் மாண்டனர். அத்தெருவிலிருந்த ஒரு கைப்பம்பின் நீரே நோய்க்குக் காரணம் என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து மெய்ப்பித்தார். மீன் சுகமாக நீந்தும் நீர் குழந்தையைக் கொல்லும் நீராகவும் இருக்கலாம் என்பது அந்த ஆண்டு உலகுக்குத் தந்த பாடம். பிற்காலத்தில் இந்த நிலைமை தலைகீழாக மாறியது. குழந்தையைக் காக்கும் நீர் மீனைக் கொல்லும் நீராயிற்று. அம்மாற்றத்தைச் செய்த பொருளே குளோரின்.

குளோரின் வாயுவை முதலில் தயாரித்தவர் சுவீடன் நாட்டு ஷீலே, ஆண்டு 1774. பிரான்சு நாட்டு பெர்த்தொலே அதற்குத் துணியை வெளுக்கும் ஆற்றல் உண்டென்று கண்டார். 1799இல் ஸ்காட்லாந்தில் சார்லஸ் டென்னன்ட் என்பவர் சுண்ணாம்பில் அவ்வாயுவை ஏற்றித் தூளாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அத்தூளைத்தான் பிளீச்சிங் பவுடர் என்று இன்றும் நம் ஊர்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் இடுகிறோம். நெடுங்காலம் துணி ஆலைக்கும் காகித ஆலைக்கும் உரிய சரக்காகவே அது இருந்தது. நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே என்பது உறுதிப்பட்ட பின்னரே குடிநீரின் பக்கம் அதன் பார்வை திரும்பியது. 1897இல் இங்கிலாந்தின் மெய்டுஸ்டன் நகரில் டைபாய்டு சுரம் பரவியபோது நீர்க்குழாய்களைத் தூய்மை செய்ய அது பயன்பட்டது. 1905இல் லிங்கன் நகரில் அதே நோய் தோன்றியபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்பவர் குளோரின் சேர்ந்த மருந்தை நகரத்தின் குடிநீரிலேயே இடைவிடாமல் கலந்துவந்தார்.

இவற்றினும் பெரிய முயற்சி அமெரிக்க நாட்டின் ஜெர்சி நகரத்தில் நடைபெற்றது. நகரத்துக்கு நீர் வழங்கிய கம்பெனிமீது, ‘நீங்கள் தரும் நீர் ஒப்பந்தப்படி தூயதாக இல்லை’ என்று நகர ஆட்சியினர் வழக்குத் தொடுத்திருந்தனர். கம்பெனியின் ஆலோசகரான ஜான் லீல் என்னும் மருத்துவர், பூன்டன் நீர்த்தேக்கத்தில் பிளீச்சிங் பவுடர்க் கரைசலைக் கலப்பது என்று துணிந்தார். ஜார்ஜ் புல்லர் என்னும் பொறியியல் வல்லுநர் அதற்கான அமைப்பை வகுத்தார். 99 நாளில் வேலை முடிந்து, 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் நாளொன்றுக்கு 4 கோடி காலன் நீரில் மருந்து கலக்கத் தொடங்கியது. ‘மக்கள் குடிக்கும் நீரில் நஞ்சைக் கலப்பதா?’ என்ற எதிர்ப்பு நீதிமன்றத்தில் எழுந்தது. நீண்ட விசாரணைக்குப் பின் 1910இல், இம்முறை பாதுகாப்பானது, பயன் தருவது என்று முடிவாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் பல நகரங்கள் இம்முறையைக் கைக்கொண்டன. பிற நாடுகளும் பின்பற்றின. டைபாய்டும் காலராவும் பின்வாங்கின. நம் வீட்டுக் குழாயைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்த மெல்லிய காரமான வாசனை, நம்மைக் காத்து நிற்கும் காவலாளியின் வாசனை என்றே கொள்ள வேண்டும்.

மனிதனுக்குத் தீங்கு செய்யாத அளவு குளோரின் மீனை மட்டும் ஏன் வருத்துகிறது? நாம் நீரைக் குடிக்கிறோம். மீன் நீரைச் சுவாசிக்கிறது. நாம் குடித்த நீரிலுள்ள சிறிதளவு குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து உடனே செயலற்றுப்போகிறது. மீனின் செவுளோ, மெல்லிய தோலுக்கு அடியில் இரத்தம் ஓடும் உறுப்பு. நாள் முழுதும் அதன்மேல் நீர் ஓடிக்கொண்டேயிருக்கிறது. குளோரின் அந்த மென்தோலை அரித்துப் புண்ணாக்குகிறது. நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. அளவைப் பாருங்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நன்னீர் உயிர்களுக்கென 1980களில் வகுத்த வரம்போ, ஒரு மணி நேரச் சராசரியாக லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். அதாவது, நமக்குக் குறைந்தபட்சக் காவலாக உள்ள அளவே மீனுக்குரிய வரம்பைப் போல் 10 மடங்குக்கு மேல் இருக்கிறது.

இனி, இந்தக் குளோரினை நீக்கும் பொருளின் கதைக்கு வருவோம். அதன் பெயர் சோடியம் தயோசல்பேட்டு. மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இரசாயனம் படித்தவர்கள் அயோடினை அளந்தறியும் சோதனையில் இதைக் கையாண்டிருப்பார்கள். வெண்மையான, பளிங்கு போன்ற படிகம். நீரில் எளிதில் கரையும். 1799இல் பிரான்சு நாட்டு ஷொசியே என்பவர் இதை முதலில் பெற்றார். பிளீச்சிங் பவுடர் உரிமை பெற்ற ஆண்டும் அதுவே. நோயும் மருந்தும் ஒரே ஆண்டில் பிறந்தன போலும்! துணியையும் காகிதக் கூழையும் வெளுத்தபின் அவற்றில் தங்கிவிடும் குளோரின் நாளடைவில் நூலையும் காகிதத்தையும் இற்றுப்போகச் செய்தது. அக்குறையைப் போக்க 19ஆம் நூற்றாண்டின் ஆலைக்காரர்கள் இவ்வுப்பின் கரைசலில் சரக்கை நனைத்து எடுத்தார்கள். குளோரினுக்கு எதிரி என்னும் பொருளில் ‘ஆன்டிகுளோர்’ என்று அதற்குப் பெயரிட்டனர். இன்று நம் கடைக்காரர் சொல்லும் ‘ஆன்டி குளோரின்’ அந்தப் பழைய ஆலைச் சொல்லின் உறவுதான்.

இவ்வுப்புக்கு மற்றொரு புகழும் உண்டு. ஆங்கில நாட்டு விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல், வெள்ளி உப்புக்களை இது கரைத்துவிடும் என்று 1819இல் கண்டறிந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் புகைப்படக் கலை பிறந்தபோது, ஒளிபட்டுப் பதிந்த உருவத்தை மேலும் கறுத்துப்போகாமல் நிலைநிறுத்துவது எப்படி என்னும் சிக்கல் எழுந்தது. ஹெர்ஷல் தம் பழைய கண்டுபிடிப்பை நினைவுகூர்ந்து, 1839இல் இவ்வுப்பினால் அதைத் தீர்த்தார். ‘ஹைப்போசல்பைட்டு’ என்று அக்காலத்தில் வழங்கிய பெயரின் குறுக்கமே ‘ஹைப்போ’ என்பது. நம் ஊர்ப் புகைப்பட நிலையங்களின் இருட்டறைகளில் நெடுங்காலம் இந்த ஹைப்போக் கரைசல் இல்லாத நாளே இல்லை.

மூன்றாவதாக அது போர்க்களத்துக்கும் சென்றது. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியம் நாட்டு ஈப்ரு என்னுமிடத்தில் ஜெர்மானியப் படையினர் குளோரின் வாயுவைக் காற்றில் விடுத்தனர். பச்சை மஞ்சள் நிறத்தில் தரையோடு படர்ந்து வந்த அந்த மேகத்துக்கு முன் படைவீரர்கள் செய்வதறியாது மடிந்தனர். சில வாரங்களுக்குள் பிரிட்டிஷ் படைக்கு ஒரு முகக்காப்புத் தரப்பட்டது. ஹைப்போவும் சலவைச் சோடாவும் கிளிசரினும் கலந்த கரைசலில் பஞ்சை நனைத்து, கறுப்பு வலைத்துணியில் பொதிந்து, மூக்கும் வாயும் மூடும்படி கட்டிக்கொள்வது அது. அதன்பின் அதே கரைசலில் தோய்த்த கம்பளித் துணிப்பையைத் தலை முழுதும் மூடி அணிந்தார்கள். அதற்கு ‘ஹைப்போ தலைக்கவசம்’ என்றே பெயர். காகிதத்தையும் படத்தையும் மனிதனின் மூச்சையும் காத்த அதே உப்பு, குழாய் நீரில் குளோரின் கலக்கும் வழக்கம் பரவியபின், மீன் வளர்ப்போர் கைக்கு வந்ததில் வியப்பில்லை. மூன்று இடங்களிலும் அது செய்த வேலையைப் பார்த்தால், ஆலையிலும் போர்க்களத்திலும் செய்ததையே அது தொட்டியிலும் செய்கிறது.

செலவுக் கணக்கை இப்போது பார்ப்போம். ஒரு பங்கு குளோரினை எந்த நிலையிலும் ஐயமின்றி நீக்க ஏறக்குறைய 7 பங்கு ஹைப்போப் படிகம் போதுமானது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் நீரில் இருக்கும் குளோரின் 100 மில்லிகிராம். அதற்கு வேண்டிய ஹைப்போ 700 மில்லிகிராம். அதாவது 1 கிராமுக்கும் குறைவு. 7 கிராம் படிகத்தை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 10 மில்லிலிட்டர் 100 லிட்டர் நீருக்குப் போதும். ஒரு கிலோ படிகம் வாங்கினால் இவ்வாறு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் பக்குவம் செய்யலாம். சிறிது மிகுந்துவிட்டாலும் ஹைப்போ மீனைப் பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. கரைசல் நாட்பட்டால் கெட்டுக் கலங்கிப்போகும். ஆகவே படிகத்தை இறுக மூடிய டப்பாவில் உலர்வாக வைத்து, வேண்டும்போது சிறிதளவே கரைத்துக்கொள்வது நன்று. அமிலம் எதுவும் அதனோடு சேரலாகாது. இதனினும் சிக்கனமான வழி ஒன்றுண்டு. அகன்ற பாத்திரத்தில் நீரைப் பிடித்துத் திறந்தபடி ஓரிரு நாள் வெயிலில் வைத்திருந்தால் குளோரின் தானே அகன்றுவிடும். காசு செலவில்லை, காத்திருக்கும் பொறுமை ஒன்றே வேண்டும்.

வரலாறு இவ்விடத்தில் நின்றிருந்தால் என் பேச்சையும் இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அது நிற்கவில்லை. குளோரின் விரைவில் அகன்றுவிடும் இயல்பு நீர் வழங்குவோர்க்கு ஒரு குறையாகத் தோன்றியது. நீண்ட குழாய்களின் கடைசி வீட்டைச் சேருமுன் காவல் தீர்ந்துபோகிறதே என்று கவலைப்பட்டார்கள். குளோரினோடு சிறிது அம்மோனியாவைச் சேர்த்தால் ‘குளோரமின்’ என்னும் பொருள் உண்டாகிறது. அது மெல்ல வேலை செய்யும், நெடுநேரம் நிற்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் கனடாவின் ஒட்டாவா நகரில் ஜோசப் ரேஸ் என்பவர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் அம்மோனியாவுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அதன் வழக்கம் குறைந்தது. பிறகு 1974இல் நெதர்லாந்து நாட்டு யோஹானஸ் ரூக் என்பவர், ஆற்று நீரில் கரைந்துள்ள தாவரக் கழிவுகளோடு குளோரின் சேரும்போது குளோரோபாரம் முதலிய வேண்டாத பொருள்கள் தோன்றுகின்றன என்று எடுத்துக்காட்டினார். 1979இல் அமெரிக்க அரசாங்கம் அத்தகைய பொருள்களுக்கு வரம்பு விதித்தது. அவற்றைக் குறைவாகவே உண்டாக்கும் குளோரமினுக்குப் பல நகரங்கள் மீண்டும் மாறின. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2004இல் மாறியது. இப்படி மாறும் நகரங்களில் நீர் வழங்குவோர் இரு சாராரைத் தனியே எச்சரிப்பது வழக்கம்: சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர் ஒரு சாரார், மீன் வளர்ப்போர் மற்றொரு சாரார். இருவரிடத்திலும் நீர் வயிற்றின் வழியாகச் செல்லாமல் இரத்தத்தை நெருங்குகிறது என்பதே அதற்குக் காரணம்.

குளோரமின் கலந்த நீரை ஓரிரு நாள் வெயிலில் வைத்தும் பயனில்லை. அது எளிதில் அகலாது. ஹைப்போவை இட்டால் என்ன ஆகும்? ஹைப்போ குளோரமினிலுள்ள குளோரினைப் பற்றிக்கொள்கிறது. அதனோடு இணைந்திருந்த அம்மோனியா விடுபட்டு நீரில் தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரினுக்கு ஈடான குளோரமின் இருந்தால், ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு ஈடான அம்மோனியா வெளிப்படும். ஒரு பகையை நீக்கி மற்றொரு பகையை உள்ளே விட்டதாகிறது. அம்மோனியாவின் கொடுமை நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. காரநிலை எண் 7ஆக உள்ள நீரைக் காட்டிலும் 8ஆக உள்ள நீரில், அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய 10 மடங்காகிறது. நாட்பட்ட தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் அம்மோனியாவை உண்டு நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி தனியே பிரித்தறிந்த இனத்தைச் சேர்ந்தவை அவை. அவை நிறைந்த பழைய தொட்டியில் சிறிது நீரை மாற்றும்போது இந்த அம்மோனியா அத்துணை இடர் விளைவிப்பதில்லை. புதுத் தொட்டியிலோ அவை இல்லை; மீன் முழுத் துன்பத்தையும் தானே ஏற்கிறது.

இக்குறையைத் தீர்க்கவே விலை உயர்ந்த புட்டிகள் தோன்றின. குளோரின், குளோரமின், அம்மோனியா மூன்றையும் ஒருசேர அடக்கும் ஒரு பொருளுக்கு அமெரிக்காவில் 1987இல் காப்புரிமை வழங்கப்பட்டது. சோடியம் ஹைட்ராக்சிமீதேன்சல்போனேட்டு என்பது அதன் நீண்ட பெயர். அது அம்மோனியாவைப் பிடித்துத் தீங்கற்ற வேறு பொருளாகக் கட்டிவைக்கிறது. இவையன்றி, மீனின் தோலுக்குக் காப்பு என்று கற்றாழைச் சாறு முதலியவற்றைச் சேர்த்து விற்கும் புட்டிகளும் உள்ளன. ஆகவே கடையில் அடுக்கியிருக்கும் புட்டிகள் பலவாயினும் அவற்றின் வேலை இரண்டு வகையே. ஒரு வகை குளோரினை மட்டும் நீக்குவது. மற்றொரு வகை அம்மோனியாவையும் சேர்த்து அடக்குவது. புட்டியின் முகத்திலுள்ள மீன் படத்தைப் பாராமல், முதுகிலுள்ள சிறு எழுத்தைப் படிப்பவனுக்கு இது புலனாகும். உள்ளடக்கம் எழுதப்படாத புட்டியை வாங்காதிருப்பதே அறிவுடைமை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் நகராட்சிகளும் ஊராட்சிகளும் பெரும்பாலும் குளோரின் வாயுவையோ பிளீச்சிங் பவுடரையோதான் கலக்கின்றன. அத்தகைய நீருக்கு ஹைப்போவே போதும். பல மடங்கு விலை கொடுத்து வேறொன்று வாங்குவது வீண் செலவு. ஆனால் கழிவு கலந்த ஆற்று நீரில் முன்பே அம்மோனியா இருக்குமாயின், யாரும் வேண்டுமென்று சேர்க்காமலே குளோரமின் தோன்றிவிடும். இதை வாசனையால் அறிய முடியாது. சோதித்தே அறிய வேண்டும. இங்கிலாந்து நாட்டு ஆர்தர் பேலின் 1957இல் வகுத்த டி.பி.டி. முறையில் தனித்த குளோரினையும் அம்மோனியாவோடு கூடிய குளோரினையும் வெவ்வேறாக அளக்கலாம். நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறத்தின் செறிவு அளவைக் காட்டும். ஒரு வகுப்பு மாணவர்கள் கூடி ஒரு சோதனைப் பெட்டி வாங்கினால் தெருத்தெருவாக நீரைச் சோதிக்கலாம். பள்ளி இரசாயனப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பிளீச்சிங் பவுடர் இடப்படாதவையாயின் இம்மருந்து எதுவுமே வேண்டியதில்லை. அத்தகைய நீருக்கும் புட்டியைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. அது நோயில்லாதவனுக்கு மருந்து ஊட்டுவது போன்றது.

சிக்கனம் என்பதற்கும் சரியான பொருள் காண வேண்டும். புட்டியின் விலை வேறு. நீர் பக்குவத்துக்கு ஆகும் செலவு வேறு. இரண்டு புட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; இரண்டிலும் 100 மில்லிலிட்டர் மருந்து. முதற்புட்டியின் விலை 50 ரூபாய். 10 லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் இட வேண்டும். இரண்டாவதன் விலை 200 ரூபாய். 40 லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் போதும். முதற்புட்டி 200 லிட்டரோடு தீர்ந்துபோகும். இரண்டாவது 4,000 லிட்டருக்கு வரும். முதலாவதில் 100 லிட்டருக்கு 25 ரூபாய் ஆகிறது. இரண்டாவதில் 5 ரூபாய்தான். மலிவென்று வாங்கியதே விலை கூடியதாயிற்று! புட்டியில் எழுதியுள்ள அளவைக் கொண்டு வகுத்துப் பார்க்கும் எளிய கணக்கு இது. ஐந்தாம் வகுப்பில் கற்ற இந்த வகுத்தலைக் கடைவாசலில் செய்து பார்ப்பவர் சிலரே. கணக்கு வகுப்பறையோடு நின்றுவிடும்போது கல்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதே சமயத்தில், குளோரமின் உள்ள ஊரில் ஹைப்போ மலிவென்று அதை மட்டும் நம்பிப் புதுத் தொட்டியில் மீனை விடுவது சிக்கனமாகாது. செத்த மீனின் விலையையும் செலவில் சேர்த்தல்லவா எண்ண வேண்டும்?

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றைக் கேட்டபின் குழாய் நீரைக் குறைகூறத் தொடங்கிவிடாதீர்கள். மீன் செத்த வருத்தத்தில், ‘இந்தக் குளோரினை யார் கலக்கச் சொன்னார்கள்?’ என்று சிலர் சினந்து பேசக் கேட்டிருக்கிறேன். கலக்கச் சொன்னவர்கள், பிராடு தெருவிலும் மெய்டுஸ்டனிலும் லிங்கனிலும் நீரைக் குடித்து நோயுற்று மாண்டுபோன மக்களே. அவர்களுடைய சாவினால் நாம் பெற்ற காவல் அது. நம் தொட்டியிலுள்ள சிற்றுயிருக்காக அக்காவலை நீக்கச் சொல்வது முறையன்று. நீர் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், மீனுக்கு உரிய பங்கில் மட்டும் அதை நீக்கிக்கொள்வதே முறை. அதற்குச் சில கிராம் உப்பு போதும். எந்த நீர், அதில் என்ன உள்ளது, நான் இடும் மருந்து எதை நீக்குகிறது, நீக்கியபின் எது எஞ்சுகிறது என்னும் நான்கு வினாக்களையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு தொட்டியை நிரப்புங்கள். உங்கள் கைக்காசும் மிஞ்சும், மீன்களும் பிழைக்கும்.